மாத்திரை போட்ட நார்மல்

எங்கள் அண்டி ஆபீசில் நேசபாய்க்கு வெப்ராளம் என்றுதான் பெயர். எதிலும் பரபரவென்று நிற்கிறவர்களை இந்தப் பக்கம் அப்படிச் சொல்வோம். அண்டி ஆபீஸ் என்றதும் யாரும் கம்ப்யூட்டரையும் சுழல் நாற்காலியையும் நினைத்துவிட வேண்டாம். முந்திரி ஆலைக்கு எங்கள் ஊரில் அந்தப் பெயர். கருங்கலிலிருந்து உள்ளே போகிற சாலையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. சுட்டு உடைத்த பருப்பின் மேல் ஒட்டியிருக்கும் தோலை உரிக்கிற இடத்தில் நானும் அவளும் எதிரெதிரே உட்காருவோம். பருப்பு உடையாமல் தோல் மட்டும் வர வேண்டும். அவள் கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டே உரிப்பாள். கை ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். மதியச் சோற்றுக்கு நாங்கள் கை கழுவப் போகும்போது அவள் சாப்பிட்டு முடித்துப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்திருப்பாள்.

நான் சொர்ணம்மாள். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் நாலு மூடு மரச்சீனிக்கிழங்குச் செடியும் ஒரு வேலியும்தான். அவள் சர்ச்சுக்குப் போவாள், நான் மண்டைக்காட்டு அம்மன் கோவிலுக்குப் போவேன். மீன்குழம்பு மட்டும் இரண்டு பக்கமும் போய்வரும். அவள் புருஷன் யோவான் கொத்தனார். ஒரே மகன் சவுதியில் இருக்கிறான்.

இப்படிப்பட்டவள் ஒரு வருஷத்துக்குள் வேறு ஆளாகிப் போனாள். எப்போது தொடங்கியது என்று பார்த்த டாக்டர்கள் எல்லாரும் கேட்டார்கள். அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. காய்ச்சல் என்றால் ஒரு நாள் வரும், ஒரு நாள் போகும். இது வந்ததை யாரும் பார்க்கவில்லை. முதலில் பாட்டு நின்றது. தொண்டை கட்டியிருக்கிறது என்றாள். சபைப் பாடகர் குழுவில் மேல் சுருதியில் பாடுகிறவள், ஆம்பிளைக் குரலில் பேச ஆரம்பித்தாள். பிறகு கை தளர்ந்தது. அவள் தட்டில் உடைந்த பருப்பு விழுந்தது. முகம் ஊதியது, முடி சீப்போடு வந்தது. ஒரு நாள் செருப்பில்லாமலே ஆபீசுக்கு வந்து நின்றாள், அதைக்கூட நான் சொல்லித்தான் குனிந்து பார்த்தாள். பங்குனி வெயிலில், சூளை வெக்கையில் நாங்கள் முந்தானையால் விசிறிக்கொண்டிருக்க, மகன் கொண்டுவந்த ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, என்னத்துக்கு இந்தக் கோலம்?" என்று கேட்டேன்.

"குளிருதுக்கா."

"இந்த வெயில்லயா?"

"எனக்கு மனசிலாவல்லக்கா. உள்ளே இருந்து குளிருது. ஒரே சீணமா, அசதியா இருக்கு."

மனசிலாவல்ல. புரியவில்லை என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அந்த வருஷம் இந்தச் சொல்லைக் கேட்டதுபோல் என் ஆயுசில் நான் கேட்டதில்லை. அவள் சொன்னாள், யோவான் சொன்னான், நானும் சொன்னேன். டாக்டர்கள் மட்டும்தான் சொல்லவில்லை. அவர்களுக்கு எல்லாம் உடனே புரிந்துவிட்டது.

கருங்கலில் முதலில் பார்த்தவர் வயிற்றை அழுத்திவிட்டு கேஸ், வாயு என்றார். மூட்டு டாக்டர் உடம்பைக் குறைக்கச் சொன்னார், தினமும் காலையில் வேகமாக நடக்கச் சொன்னார். நடக்க முடியவில்லை என்றுதான் அவரிடமே போயிருந்தோம். ஒரு லேடி டாக்டர், மாதவிலக்கு நிற்கப்போகிற வயசு, எல்லாப் பொம்பளைக்கும் இருக்கிறதுதான் என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். எல்லாப் பொம்பளைக்கும் இருக்கிறதென்றால் எனக்கு ஏன் இல்லை என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது, நேசபாய் முழங்கையால் இடித்து அடக்கிவிட்டாள். இன்னொருவர் வீட்டில் சண்டையா, மகன் நினைப்பா என்று கேட்டு மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டதும் உட்கார்ந்த இடத்திலெல்லாம் தூங்கினாள். அவர்களில் ஒருவர் கழுத்தைத் தடவிக்கூடப் பார்த்தார். "வீக்கம் இல்ல, தைராய்டு இருக்காது" என்றார். அந்த ஒரு வார்த்தையை நேசபாய் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எங்களுக்குத் தெரிந்த தைராய்டு, கழுத்தில் எலுமிச்சங்காய்போல உருண்டு நிற்பதுதான். அவள் கழுத்தில் ஒன்றும் இல்லை. அதனால் அது இல்லை.

யோவானுக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் அவன் சத்தம் கேட்டது.

"இவளுக்கு மடி. மனசு வச்சா எந்திச்சு சோலி பாக்கலாம். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி இறங்கியாச்சு, ஒரு டாக்டரும் ஒண்ணும் இல்லங்கான்."

மடி என்றால் சோம்பல். வெப்ராளத்துக்கு மடியா! எனக்குச் சுர்ரென்று ஏறியது. வேலியில் கையை வைத்து, "ஏ யோவான், நீ கட்டுன சுவரு சரிஞ்சா சுவருக்கு மடின்னா சொல்லுவே?" என்றேன். அவன் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டான். அவனுக்கும் பயம்தான். பயந்துபோய் இருக்கிறேன் என்று சொல்லத் தெரியாதவன், கத்தினான்.

நான் மண்டைக்காட்டு அம்மனுக்கு மண்டையப்பம் நேர்ந்தேன். தலைவலி மாற நேர்கிற பலகாரம் அது. மாவைத் தலைபோல உருட்டி அவித்து அம்மனுக்கு வைப்போம். நேசபாய்க்குத் தலைவலி கிடையாது. ஆனால் எந்த உறுப்பில் கோளாறு என்று எந்த டாக்டரும் சொல்லாதபோது நான் எந்த உறுப்பைச் சொல்லி நேர்வது? தலைக்கு நேர்ந்து வைத்தால் கீழே உள்ளதையெல்லாம் அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கோடையில் ஆபீஸ் பெண்கள் எல்லாரும் வேன் பிடித்துத் திற்பரப்புக்குப் போனோம். முந்திய வருஷங்களில் வேன் நிற்பதற்குள் குதித்து, முதல் ஆளாக அருவிக்குள் தலையைக் கொடுப்பவள் நேசபாய். இந்தத் தடவை பாறையில் உட்கார்ந்து ஒரு காலை மட்டும் தண்ணீரில் வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள். உதடு கறுத்தது, பல் கிடுகிடுவென்று அடித்தது. சுடுகிற பாறையில் படுக்க வைத்து, இருந்த துண்டையெல்லாம் போர்த்தினோம். குளித்துவிட்டு வந்த சின்னப் பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் கூடச் சிரிக்கப் பார்த்தாள், ஊதிய முகத்தில் சிரிப்பு வரவில்லை.

"அக்கா, நான் செத்துக்கிட்டு இருக்கேனா?" என்று என் காதில் கேட்டாள்.

மறுநாள் வேலைக்கு மட்டம் போட்டு, அவளை இழுத்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயது. வேறு ஜில்லாக்காரி என்று பேச்சிலேயே தெரிந்தது. நேசபாய் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி முடிப்பதற்குள் எனக்குப் பொறுக்காமல் நான் இடையில் புகுந்தேன். "நீங்க இருங்கம்மா, அவங்களே சொல்லட்டும்" என்று என் வாயை அடைத்துவிட்டார். அடைத்ததும் நல்லதுக்குத்தான். அந்த இழுவையைக் கேட்கத்தான் அவர் காத்திருந்தார் போல. பிறகு நேசபாயை நாற்காலியில் முட்டிபோட வைத்து, குதிகாலுக்கு மேலே ரப்பர் சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளியது. துள்ளின பாதம் திரும்பி வர யோசித்தது. எனக்கும் தட்டிக் காட்டச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே தட்டினார், என் கால் துள்ளின வேகத்தில் அடங்கிவிட்டது. "பாத்தீங்களா வித்தியாசத்த?" என்று சொல்லி ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்.

ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, தைராய்டு சுரப்பி வேலை செய்யவில்லை என்றார்.

"கழுத்து வீங்கல்லியே டாக்டர்" என்றாள் நேசபாய். ஏதோ அவரே தப்பாகப் படித்துவிட்டார் என்பதுபோல.

"வீங்காமலும் வரும்மா. அது சுரக்க வேண்டியத நாம மாத்திரையா குடுக்கப் போறோம். காலைல எழுந்ததும் வெறும் வயித்துல, வெறும் தண்ணில. அப்புறம் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது."

இவள் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து, மறுநாள் காலையில் பால் விடாத கட்டஞ்சாயாவில் மாத்திரையைப் போட்டு விழுங்கினாள், கூடவே பழைய இரும்புச்சத்து மாத்திரையும். எங்கள் ஊரில் சாயா குடிக்காதவரைக்கும் யாரும் எழுந்ததாகவே கணக்கில்லை. சாயா தண்ணீர்தானே என்று அவள் நினைத்தாள், நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அடுத்த தடவை ரத்தம் பார்த்தபோது ஒரு மாற்றமும் இல்லை. டாக்டரம்மா துருவித் துருவிக் கேட்டுக் கண்டுபிடித்து நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். சாயா அரை மணி நேரம் கழித்துத்தான், இரும்புச்சத்து சாப்பாட்டுக்குப் பிறகு, ராத்திரிக்கு என்று மறுபடியும் சொன்னார்.

அதற்குப் பிறகு மாத்திரை வேலை செய்தது. ஸ்வெட்டர் பெட்டிக்குள் போனது. முகம் வடிந்தது. ஒரு நாள் பருப்பு உரித்துக்கொண்டிருக்கும்போது எதிரே முணுமுணுவென்று கீர்த்தனை கேட்டது. நான் தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் நிறுத்திவிடுவாளோ என்று குனிந்தபடியே உரித்தேன், கண்ணில் தண்ணீர் முட்டி ஒரு பருப்பை உடைத்துவிட்டேன்.

அடுத்த பரிசோதனையின்போது டாக்டரம்மா லீவில் இருந்தார். ரிப்போர்ட் கொடுத்த பெண் எட்டிப் பார்த்து, "நார்மல்க்கா" என்றாள்.

"நார்மல்னா?"

"எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம்."

நேசபாய் அந்தக் கவுன்டர் முன்னாலேயே அழுதுவிட்டாள். எல்லாம் சரியாகிவிட்டது.

இனி நடந்ததைப் புரிந்துகொள்ள, சாட்சி என்றால் என்ன என்று தெரிய வேண்டும். அவர்கள் சபையில் பெண்கள் சங்கம் உண்டு. வாரம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் வைப்பார்கள். பாட்டு, வேதபாடம் எல்லாம் முடிந்ததும், கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை யாராவது எழுந்து நின்று சொல்வார்கள். அதுதான் சாட்சி. அது அரட்டை கிடையாது. கடவுள் முன்னால் சொன்ன வாக்கு, சொன்னால் சொன்னதுதான். அந்த வாரம் கூட்டம் நேசபாய் வீட்டில். ஏத்தங்காய் அப்பம் உண்டு என்பதால் நானும் வேலியைத் தாண்டிப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

நேசபாய் எழுந்து நின்றாள். "டாக்டர்மாருக்கு மனசிலாவாத தீனத்த கர்த்தர் தொட்டு சுகமாக்கினார். எனக்கு இப்பம் தைராய்டு இல்ல. ஸ்தோத்திரம்" என்றாள்.

எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு குறை. மண்டைக்காட்டுக்காரிக்கும் இதில் கொஞ்சம் பங்கு வரவேண்டாமா என்று நினைத்துக்கொண்டு அப்பத்தைத் தின்றேன். மாத்திரையை அவளும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

மறுநாள் காலையில் மாத்திரையைக் கையில் எடுத்தவளுக்கு அது இறங்கவில்லையாம். இதெல்லாம் அவள் பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சுகமாகிவிட்டது என்று கடவுள் முன்னால் சொல்லிவிட்டு இதை விழுங்கினால், சொன்னது பொய்யாகிவிடாதா? அதுமட்டுமில்லை, மாத்திரை வாங்குவது ஜங்ஷனில் செல்வதாஸ் கடையில். அவரும் அதே சபை, பாடகர் குழுவில் இவளுக்குப் பின்னால் நிற்பவர். அவர் முகத்தைப் பார்த்து எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டாள்.

கொஞ்ச காலம் ஒன்றும் ஆகவில்லை. அதுவே அவளுக்கு அத்தாட்சியாகப் போனது. பிறகு மழைக்காலத்தோடு பழைய நேசபாய் திரும்பவும் போகத் தொடங்கினாள். ஸ்வெட்டர் வெளியே வந்தது, பாட்டு உள்ளே போனது. நாங்கள் குழம்பிப் போனோம். சரியான தீனம் எப்படித் திரும்பி வரும்? தனக்குள் ஏதோ அறிக்கையிடாத பாவம் இருக்கிறது, அதனால்தான் கர்த்தர் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டார் என்று அவள் முடிவு கட்டினாள். பிறந்த நாளிலிருந்து செய்த பாவங்களைத் தேட ஆரம்பித்தாள். ஒரு நாள் என் வாசலில் வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, என்ன மன்னிச்சிருங்க."

"என்னத்துக்குட்டி?"

"உங்க வெள்ளக் கோழி எனக்க கீரைய கொத்துச்சுன்னு முன்ன ஒருக்க கல்லெறிஞ்சு கால ஒடிச்சேன். நாய் கடிச்சிட்டுன்னு பொய் சொன்னேன்."

"எடி சவமே, அந்தக் கோழிய அன்னைக்கே கொழம்பு வச்சு உனக்கும் ஒரு கிண்ணம் குடுத்தேனே! நீ அத தின்னியா இல்லியா?"

"தின்னேன்" என்று சொல்லி அதற்கும் சேர்த்து அழுதாள்.

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கண் இமை ஊதியிருந்ததைப் பார்த்ததும் கோழியை மறந்துவிட்டேன். மறுபடியும் பஸ் ஏற்றினேன்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாத்திரைய யார் நிறுத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லல்ல டாக்டர். நார்மல்னு சொன்னாங்க. நான் சபைல சுகமாயிட்டேன்னு சாட்சி சொல்லிப்போட்டேன். பெறவு எப்பிடி போட?"

"அய்யோ, அது மாத்திரை போட்ட நார்மல்மா! உங்க சுரப்பி சரியாகல, மாத்திரை அதோட வேலையச் செஞ்சுது. நிறுத்தினா திரும்ப இப்படித்தான் ஆகும். ஆயுசுக்கும் போடணும்."

"இத முதல்லயே சொல்லியிருக்கலாம்லா டாக்டர்?" என்றேன் நான். என் வாய் சும்மா இருக்காது.

அவர் நேசபாயின் பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்தார். "சொன்னேன்னுதான் நெனச்சேன்" என்றார். பொய் சொல்லாத முகம். வெளியே அத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது யாருக்கு எதைச் சொன்னோம் என்று அவருக்குத்தான் எப்படி நினைவிருக்கும்?

பஸ்ஸில் நேசபாய் மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். "அப்பம் நான் கர்த்தருக்க பேர்ல பொய் சொல்லிட்டேன், இல்லியாக்கா?"

"தெரியாமச் சொன்னது பொய்யாட்டி? வீட்டுக்குப் போய் நாளைக்குக் காலைல ஒழுங்கா மாத்திரைய போடு."

"இல்லக்கா. முதல்ல அவுங்க முன்னால அதத் திருப்பிச் சொல்லணும். சொன்ன பெறவுதான் போடுவேன்."

எனக்குக் கோபமான கோபம். அடுத்த கூட்டம்வரை அவள் போடவில்லை. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று திட்டினேன், அந்தப் பக்கம் யோவான் கெஞ்சினான். மடி என்று சொன்னவன், காலையில் தம்ளரில் தண்ணீரோடு அவள் பின்னால் நடந்தான். அவள் அசையவில்லை.

கூட்டம் அந்த வாரம் மேட்டில் இருக்கிற ரெனிஷ் வீட்டில். ரெனிஷ் துபாயில் வேலை பார்க்கிறான், அவன் மனைவி பெபிஷாவும் அவன் அம்மாவும் மட்டும் இங்கே. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, அவன் லீவில் வந்துபோன பிறகு, இப்போதுதான் பெபிஷா உண்டாகியிருந்தாள். அந்த மேட்டில் நேசபாயை நான் கைத்தாங்கலாகத்தான் ஏற்றிக்கொண்டு போனேன். நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

சாட்சி நேரம் வந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எனக்க சாட்சில ஒரு பெசகு இருந்து" என்று மெதுவாக ஆரம்பித்தாள். "எனக்கு தீனம் மாறல்ல. மாத்திர போட்டதுனால அடங்கி இருந்து. நான் அது மனசிலாவாம, கர்த்தர் எடுத்துட்டாருன்னு உங்க எல்லார்ட்டயும் சொன்னேன். மாத்திரையயும் நிறுத்துனேன். இப்பம் என்னப் பாத்தா உங்களுக்கே தெரியும். எல்லாரும் என்ன மன்னிக்கணும்."

ஊதிய முகத்தோடு நின்றவள் என்னவோ யோசித்தாள். பிறகு, "இங்க வேற யாராவது காலைல வெறும் வயித்துல தைராய்டு மாத்திர போடுதீங்களா?" என்று கேட்டாள்.

முதலில் முன்வரிசையில் போதகரம்மா கையைத் தூக்கினார். அதைப் பார்த்து அவருக்குப் பின்னால் ஒரு கை, சுவரோரம் இன்னொன்று, ஜன்னல் பக்கம் இரண்டு. கிட்டத்தட்ட பாதிப்பேர் கையைத் தூக்கியிருந்தார்கள். எனக்குத் திகைப்பாகிவிட்டது. இத்தனை பேரும் ஆளுக்கொரு அடுக்களையில் ஒளித்து வைத்து விழுங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி வாயைத் திறந்திருந்தால், கழுத்து வீங்காத தைராய்டும் உண்டு என்று எங்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கும்!

அப்போது சாயாத் தட்டோடு அடுக்களை வாசலில் நின்ற பெபிஷா தட்டைக் கீழே வைத்தாள். வைத்த வேகத்தில் சாயா சிந்தியது.

"மாமி, நானும் போட்டுக்கிட்டு இருந்தேன். நீங்க சாட்சி சொன்ன அன்னைக்கே நிறுத்திட்டேன்."

நேசபாய் அவள் வயிற்றைப் பார்த்தாள்.

"உங்களுக்குச் செஞ்ச கர்த்தர் எனக்கும் செய்வாருன்னு நெனச்சேன். நிறுத்துன பெறவுதான் மாமி இது தங்குச்சு. அப்பம் நிறுத்துனது நல்லதா, கெட்டதா? எனக்கு ஒண்ணும் மனசிலாவல்ல."

நேசபாய் கதவை விட்டுவிட்டு, யாரையும் பிடிக்காமல், பெண்கள் காலைத் தாண்டித் தாண்டி நடந்துபோய் பெபிஷாவின் கையைப் பிடித்தாள்.

"எனக்கும் மனசிலாவல்ல மக்கா. வெவரம் தெரிஞ்ச ஆளுகிட்ட போவோம். நாளைக்கே போவோம். நான் கூட வாறேன்."

மறுநாள் காலையில் நேசபாய் வெறும் தண்ணீரில் தன் மாத்திரையை விழுங்கினாள். அந்த உடம்போடு மேடேறிப் பெபிஷாவை அழைத்துக்கொண்டு வந்தாள். நானும் போனேன். டாக்டரம்மா சோதித்துப் பார்த்து, பெபிஷாவுக்கு மாத்திரையைக் கூட்டி எழுதினார். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு ஆரம்ப மாதங்களில் தாயின் தைராய்டுதான் ஆதாரம் என்றார்.

"இதுவரைக்கும் பிள்ளைக்கு ஏதாவது ஆயிருக்குமா டாக்டர்?" என்று நேசபாய்தான் கேட்டாள்.

"இப்ப சொல்ல முடியாதும்மா. இனிமேயாவது விடாம போடட்டும். பிறந்ததும் குழந்தைக்கும் ரத்தம் பாப்போம்."

சொல்ல முடியாது என்று ஒரு டாக்டர் சொல்லி அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன். அதைக் கேட்க இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

அதிலிருந்து தினமும் விடிந்ததும் வேலிக்கு அந்தப் பக்கம் போன் பேசுகிற சத்தம் கேட்கும்.

"மக்கா, போட்டியா?"

"போட்டேன் மாமி. நீங்க?"

"இந்தா, இப்பந்தான். சாயா குடிச்சிராத, கேட்டியா?"

இரண்டு பேரும் சாயா குடிக்க முடியாத அந்த அரை மணி நேரம் முழுக்கப் பேசுவார்கள். வாந்தி, கால் வீக்கம், ரெனிஷ் போன் பண்ணினது, கனவில் பாம்பு வந்தது எல்லாம் எனக்கும் மனப்பாடம். நேசபாய் உடம்பு தேறியது, கை பழையபடி ஓடியது. ஆனால் பருப்பு உரிக்கும்போது பாட்டு மட்டும் வரவில்லை. கேட்டால், "அந்தப் பிள்ள பிறக்கட்டும்க்கா" என்பாள். ஆண்டவனிடம் மன்னிப்பு வாங்கியாகிவிட்டது, சபையில் வாங்கியாகிவிட்டது, என் கோழியிடம்கூட வாங்கியாகிவிட்டது. இன்னும் பிறக்காத ஒரு உயிரிடம் எப்படிக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் பேசாமல் மண்டைக்காட்டுக்குப் போய் இன்னொரு மண்டையப்பம் நேர்ந்துவிட்டு வந்தேன். இந்தத் தடவை பிள்ளையின் தலைக்கு என்றே சொல்லி நேர்ந்தேன்.

பெண் குழந்தை. குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். ரிப்போர்ட் வருகிற நாளில் ஆஸ்பத்திரி வராந்தாவில் ரெனிஷின் அம்மா, நேசபாய், யோவான், நான் என்று நின்றுகொண்டிருந்தோம். உட்காரச் சொன்னாலும் நேசபாய் உட்காரவில்லை.

சிஸ்டர் வெளியே வந்தார். "பெபிஷா குழந்தைக்கு ரிப்போர்ட் வந்தாச்சு. தைராய்டு நார்மல்."

ரெனிஷின் அம்மா ஸ்தோத்திரம் என்று வாயெடுத்தார். நேசபாய் சட்டென்று கையை நீட்டித் தடுத்தாள்.

"பொறுங்க மைனி. சிஸ்டர், அது மாத்திர போட்ட நார்மலா, போடாத நார்மலா?"

சிஸ்டர் விழித்தார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"பச்சக் கொழந்தைக்கு ஏதுக்கா மாத்திர? போடாத நார்மல்தான்."

"உள்ளதா? பொய் இல்லியே?"

"உள்ளதுதான்க்கா. டாக்டரும் பாத்தாச்சு, பிள்ளைக்கு ஒரு குறையும் இல்ல."

நேசபாய் சுவரைப் பிடித்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். யோவான் பதறிப்போய்க் குனிந்தான். அவள் முகத்தை மூடிக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள். அழுகைக்கு நடுவில் ஸ்தோத்திரம் என்றாள். குரல் பழைய மேல் சுருதியில் வராந்தா முழுக்கக் கேட்டது. சத்தம் போடக்கூடாது என்று சொல்ல வந்த சிஸ்டர், சொல்லாமலே உள்ளே போய்விட்டார்.